நாற்பத்தேழு வயதில் முளைத்த பரு

போன மாதம் ஈப்போவில் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னையும் என் மகள் தர்ஷினியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்குப் பாக்கணும்க்கா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கினோம்.

அவளுக்குப் பதினாறு. பரு வருகிற வயசு. எனக்கு நாற்பத்தேழு... மூட்டு வலிக்க வேண்டிய காலத்தில் முகவாயில் மூன்று பரு. செக்கச்செவேலென்று!

நீங்கள் சிரிப்பதற்குள் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாதமாகத் தர்ஷினிக்கு முகமெல்லாம் பரு. நான் சும்மா இருந்தேனா? "சும்மா போனை நோண்டுனா இப்படித்தான்." "மூஞ்சிய ஒழுங்கா கழுவுனாத்தானே?" வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதே புலம்பல். எலுமிச்சைச் சாறு தேய்த்தேன், டூத்பேஸ்ட் பூசினேன். எரியுது என்றாள். எரிந்தால்தான் மருந்து என்றேன்.

அவள் வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட ஆரம்பித்தாள். தட்டை அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள். என்னோடு பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒன்று முளைத்தது. மறுவாரம் மூன்று. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பு எங்களுடையது; எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ரொட்டி சானாய் வாங்கப் போனால் கடைக்கார பாய், "என்னாக்கா, இந்த வயசுல ஜெராவாட்டா?" என்கிறார். பருவுக்கு மலாய்ப் பெயர் அது. மொத்தக் கடையும் திரும்பிப் பார்த்தது.

நேரே போய் நானும் மாஸ்க் வாங்கினேன்.

அன்று சாயங்காலம் மாஸ்க்கோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த தர்ஷினி நின்றாள். கிட்டே வந்து என் மாஸ்க்கை மெல்ல இறக்கினாள்.

"மூஞ்சிய ஒழுங்கா கழுவுறது இல்லையாம்மா?" — அச்சு அசல் என் குரல்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் தன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழுதாள்.

"பரு கூடப் பரவால்லமா. வர்றவங்ககிட்டல்லாம் சொன்னீங்கல்ல... அதான் வலிச்சுச்சு."

"தப்புதான்மா. இனிமே சொல்லமாட்டேன்."

மறுநாளே கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் எடுத்தோம்.

டாக்டர் தைப்பிங் ஊர்க்காரப் பெண். "அழுக்காலயும் வரல, போன் பாக்கிறதாலயும் வரல. ஹார்மோன் மாறுனா தோல்ல எண்ணெய் கூடும். துவாரம் அடைச்சுக்கும். உள்ள கிருமி சேந்து வீங்கிடும். பொண்ணுக்கு ஹார்மோன் வருது, உங்களுக்குப் போகுது. வரும்போதும் கலாட்டா, போகும்போதும் கலாட்டா. அவ்ளோதான் லா."

பிறகு, "எலுமிச்சை, டூத்பேஸ்ட் ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டார். தர்ஷினி கூரையைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இருவருக்கும் ஒரே மருந்துதான். காலையில் ஒரு ஜெல், படுக்கும்முன் பட்டாணி அளவு கிரீம், வெயிலுக்கு சன்ஸ்கிரீன். கிள்ளக் கூடாது, தேய்க்கக் கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். முதலில் கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்குமாம்.

"இந்தக் கிரீம் கர்ப்பமா இருக்கவங்களுக்கு ஆகாது. உங்களுக்கு அப்படி ஏதும்..." என்று டாக்டர் என்னைப் பார்த்து இழுத்தார். தர்ஷினி சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது தினமும் ஒரே கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நிற்கிறோம். "பட்டாணி அளவுன்னாங்க, நீங்க கொண்டைக்கடலை அளவு எடுக்கிறீங்க" என்று எனக்குத் திட்டு விழுகிறது. பரு இன்னும் முழுசாகப் போகவில்லை... ஆனால் சாப்பாட்டு மேசையில் முகத்தைக் காட்டிக்கொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிடுகிறாள்.

நேற்று என் வீட்டுக்காரர், தன் புது நீலத் துண்டில் இத்தனை வெள்ளைத் திட்டு எப்படி வந்தது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அந்த ஜெல் பட்டால் துணி வெளுத்துவிடும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார் — அதில் முகம் துடைத்ததை நாங்கள்தான் இன்னும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.