இரண்டு மெஷினும் சொன்ன கொழுப்பு

லேப் அக்காவுக்குக் கோபம் வந்தால் வீட்டுக்காரரிடம் சொல்வது ஒன்றுதான்: “உங்களுக்குக் கொழுப்பு அதிகம்.” தையல்காரரான அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பல்லைக் காட்டுவார். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கே பொறுப்பாளர் என்றாலும் அந்தக் கொழுப்பை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அந்த வாரம் அக்காவுக்கு வேறு தலைவலி. புதிதாக வந்திருந்த தானியங்கி மெஷினைச் சோதித்து, வாங்கலாமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஒரே விடை வந்தது. வந்தவர் போனவர் ரத்தத்தையெல்லாம் பழைய மெஷினிலும் புதியதிலும் வைத்து ஒப்பிட்டாள். சர்க்கரை, உப்பு எல்லாம் ஒத்துப்போயின. கொழுப்பு மட்டும் இழுத்தடித்தது. எக்கச்சக்கமாக இருந்தால் புது மெஷின் என்ன சொல்லும் என்று பார்க்க ஆள் சிக்கவில்லை. ஊரே ஒல்லியாகிவிட்டதா என்று அவளுக்கு எரிச்சல். மாலைக்குள் முடிவு சொல்லாவிட்டால் கம்பெனிக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் தினம் ஒரு நோவு சொல்லும் பழைய மெஷினோடுதான் மாரடிக்க வேண்டும்.

மிச்சமிருந்த குழாய்களைச் சுழற்றி எடுத்தபோது, ஒன்றில் மட்டும் ரத்தத்தின் மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர், கொழுப்பு மிகுந்து பால்போல வெளுத்திருந்தது. அக்காவுக்குக் கை பரபரத்தது. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பைப் பழைய மெஷின் அறுநூற்றுப் பத்து என்றது. புதியது அறுநூற்றுப் பதினாறு.

“அடிச்சது யோகம்! யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்!” என்று துள்ளினாள். பக்கத்தில் காத்திருந்த கம்பெனிக்காரர் கைதட்டினார்.

யாரென்று பார்க்கக் குழாயைத் திருப்பினாள். ‘வீட்டுக்காரர்’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஆள் குறைகிறதே என்று காலையில் அவரையும் இழுத்துவந்து ஊசி குத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபோனை எடுத்தாள்.

“காலைல வெறும் வயிறோடதானே வந்தீங்க?”

“வழியில பேக்கரில ரெண்டு கிரீம் கேக்... சரி, மூணுன்னே வை. மெஷின் தேறிடுச்சா?”

“மெஷின் பாஸ். நீங்க ஃபெயில். கொழுப்பு அறுநூத்துக்கு மேல.”

“அட! இத்தனை வருஷமா நீ சொன்னது சரிதான்னு ரெண்டு மெஷினும் சாட்சி சொல்லுதா?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

“நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம வாங்க. திரும்ப எடுக்கிறேன்.”

“இன்னும் எவ்வளவு கொழுப்புதான் கேக்குது உன் மெஷின்?”

“மெஷினுக்குப் போதும். எனக்குத்தான் நீங்க வேணும். பயமா இருக்குங்க.”

ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த தையல் மெஷினின் சத்தம் நின்றது.

“விடிஞ்சதும் வந்துடறேன்” என்றார் அவர். “பேக்கரி இல்லாத தெரு வழியா.”