நல்லா விழுது

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் ஒரே கேள்விதான். விழுதா? அருவியா, தண்ணியா, எது என்று யாரும் சொல்வதில்லை. மதுரையிலிருந்து போன் வரும். ராஜபாளையத்திலிருந்து வரும். விழுதா என்பார்கள். விழுது என்றால் கிளம்பி வருவார்கள். விழல என்றால் வைத்துவிடுவார்கள். நான் ஐந்தருவியில் ஆட்டோ ஓட்டுகிறேன். வீடு மேலகரத்தில். விழுந்தால் எனக்குச் சவாரி. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரியின் தம்பி சவுதியில் ஒரு குடோனில் இருக்கிறான். கம்ப்யூட்டர் படித்தவன். படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று. லீவு நாளில் கூட இருக்கிறவர்கள் பிரியாணி போடுவார்கள். இவன் வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவான்.

இணையத்தில் ஒரு அகராதி இருக்கிறது. கம்பெனி போட்டது இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். சம்பளம் கிடையாது. அதில் இருக்கிற சொல்லுக்கெல்லாம் குரல் வேண்டும் என்று மச்சினன் ஒன்று செய்தான். டூல் என்பான். போனில் ஒரு சொல் வரும். அமுக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். யாராவது கேட்டுப் பார்த்து, சரி என்றால் அகராதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீ குடோனில் இருக்கும்போது இது எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். அகராதியை நடத்துகிறவர்களே இந்த மாதிரி ஆட்களுக்கென்று சர்வர் வைத்திருக்கிறார்கள், அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றான். வாடகை கேட்டேன். கிடையாது. அட்வான்ஸ் கேட்டேன். அதுவும் கிடையாது. சும்மா எவன் இடம் கொடுப்பான் என்றேன். கட்டுப்பாடு உண்டு என்றான். எழுதின புரோகிராமை யாரும் பார்க்கிற மாதிரி திறந்து வைக்க வேண்டும். அதில் சொந்த வியாபாரம் கூடாது. கவனிக்காமல் போட்டுவிட்டுப் போனால் வேறொருவர் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டும் அப்படித்தான். இடம் யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது.

சவாரி இல்லாத நேரத்தில் நானும் பேசிப் போட ஆரம்பித்தேன். முதலில் போட்டதெல்லாம் திரும்பி வந்தது. கோயம்புத்தூரில் ஒரு டீச்சர். அவர்தான் குரலையெல்லாம் கேட்டுப் பார்க்கிறவர். பின்னால் மழைச் சத்தம், மழை நின்ற பிறகு பேசவும் என்று எழுதியிருந்தார். அது மழை இல்லை, அருவி. சீசன் முடியாமல் நிற்கவும் நிற்காது. அதற்குப் பிறகு மேலகரம் வந்து, ஆட்டோ படுதாவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசினேன். ஒருநாள் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் படுதாவைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, தனியா உக்காந்து கத்திரிக்கா கத்திரிக்கான்னு சொல்லுதிய?"

அகராதிக்கு என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் போய்த்தான் கேட்டாராம், அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று.

போன சீசனில் சர்வர்காரர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. பழைய மிஷினையெல்லாம் எடுக்கிறோம், மாசக் கடைசிக்குள் அவரவர் டூலைப் புதியதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றாதது போய்விடும். மச்சினன் டூலை மாற்றிவிட்டான். ஆனால் ஊர் ஊராக ஆட்கள் பேசின குரல்கள், இன்னும் அகராதிக்குப் போகாமல் பழையதிலேயே கிடந்தன. அதெல்லாம் ஒவ்வொன்றாகப் புதியதுக்கு வர வேண்டும். ஒரு பகல், ஒரு ராத்திரி, அதற்கு மேலும் கொஞ்சம் ஆகும் என்றான். நடுவில் நின்றால் திரும்ப முதலிலிருந்து. விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி எழுதியிருக்கணும், எழுத நேரமில்லை என்றான்.

மாசக் கடைசிக்குள் வராவிட்டால் அத்தனை பேர் பேசினதும் போச்சு. என் குரலும் அதில் இருந்தது. எனக்கு அது பெரிசில்லை. கத்திரிக்காயைத் திரும்பச் சொல்லிக்கொள்ளலாம். அவனுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு ஆளாகக் கேட்டு, கெஞ்சி, பேச வைத்தவன் அவன். பாதிப் பேரைத் திரும்பப் பிடிக்க முடியாது என்றான்.

வேலை நேரத்தில் குடோன் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் காலையில் நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு பக்கத்தைத் திறந்தால் வரிகள் மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கினால் ஓடுகிறது. நின்றுவிட்டால் டீச்சர் திரும்ப ஓடவிடுவார். சர்வருக்குள் போகிற சாவி அவரிடமும் இருந்தது. அவருக்கு அது பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். உட்கார்ந்து பார்க்க முடியாது. நாங்கள் போனில் வைத்திருந்த குரூப்பில் நான் போட்டால் அதை வைத்துச் செய்வார்.

முதல் நாள் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். வரிகள் சரசரவென்று இறங்கின. அருவி மாதிரியே இருந்தது. "நல்லா விழுது" என்று போட்டேன். டீச்சர் "சரிங்கண்ணா, பார்த்துக்கிறேன்" என்று போட்டார். நான் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் "இன்னைக்கும் நல்லா விழுது". அதே பதில், அதே கட்டைவிரல்.

அதற்கடுத்த நாள் மலையில் நல்ல மழை. அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். வந்த கூட்டம் திரும்பிப் போக நின்றது. சவாரிக்குக் குறைவில்லை. போகிற போக்கில் போனைப் பார்த்தேன். "பேய் மாதிரி விழுது" என்று போட்டேன். டீச்சர் "கவலைப்படாதீங்கண்ணா" என்று போட்டார். நான் எதுக்குக் கவலைப்பட வேண்டும் என்று யோசித்தேன். ஆட்கள் ஏறிவிட்டார்கள். போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மச்சினனுக்கு லீவு. மத்தியானம் கூப்பிட்டான். குரல் சரியில்லை. தினமும் காலையில் கழுத்தைப் பிடித்த மாதிரி நின்று, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. எழுதினதில்தான் எங்கேயோ தப்பு, விடிஞ்சதிலிருந்து தேடுதேன், கிடைக்கலை என்றான். பிரியாணி ஆறிக் கிடந்ததாம். மாசக் கடைசி வருவது ஞாயிற்றுக்கிழமை.

"விட்டுருவோம் அத்தான். எனக்கு வந்தது அவ்வளவுதான். டூலையும் வேற யார்ட்டயாவது குடுத்துருதேன்."

வேலை போய் ஊரில் சும்மா இருந்த காலத்தில்கூட அவன் இப்படிப் பேசினதில்லை.

"ஏலே, நின்னுச்சுன்னு யாரு சொன்னா? தெனமும் விழுதுன்னுதான போட்டேன்."

"போட்டிய. நானும் பாத்தேன். விழுதுன்னுதான…"

நிறுத்திவிட்டான். பிறகு சிரிக்கிற சத்தம் வந்தது. அக்காவிடம் கொடுங்க என்றான். கொடுத்தேன். அவளிடமும் சொல்ல முடியவில்லை. அவன் எதுக்குச் சிரிக்கிறான் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

டீச்சரையும் போனில் சேர்த்தான். கம்ப்யூட்டர் ஆட்கள் நடுவில், சர்வர் நின்றுபோனால் விழுந்துவிட்டது என்றுதான் சொல்வார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"நல்லா விழுதுன்னீங்க, அப்புறம் பேய் மாதிரி விழுதுன்னீங்க. ரொம்ப மோசமாட்ட இருக்குதுன்னு தினமும் நிறுத்தி, முதல்ல இருந்து ஓட்டிவிட்டேனுங்கண்ணா."

"எங்க ஊர்ல விழுந்தா நல்லதும்மா. நின்னாத்தான் மோசம்."

யாரும் யாரையும் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. மச்சினன் அப்போதே முதலிலிருந்து ஓடவிட்டான். டீச்சர் குரூப்பில் எழுதினார். "யாரும் தொட வேண்டாம். விழட்டும்."

சனிக்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டோ ஓடியது. தடையை எடுத்திருந்தார்கள். நல்ல கூட்டம். புளியறை வழியாக வந்த ஒரு கேரளக் குடும்பம் பஸ்ஸை விட்டு இறங்கி, "அவிடே வெள்ளம் உண்டோ?" என்று கேட்டது. அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். எங்களுக்கு வெள்ளம் வந்தால் குளிக்கவே விட மாட்டார்கள். வழக்கமாக உண்டு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன். அன்றைக்கு வாய் நின்றது. கையை மேலே தூக்கி, கீழே இறக்கிக் காட்டினேன். ஏறிக்கொண்டார்கள்.

காலையில் பார்த்தபோது இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானமும் இறங்கியது. குரூப்பில் எதுவும் போடவில்லை. என் சொல்லுக்கு யாராவது பட்டனை அமுக்கிவிட்டால் என்ன செய்ய?

பொழுது சாயப் பார்த்தேன். வரிகள் நின்றிருந்தன. கடைசி வரி இங்கிலீஷில் இருந்தது. அதைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டு, "நின்னுட்டு. என்னன்னு பாருங்க" என்று எழுதினேன்.

டீச்சர்தான் முதலில் பார்த்தார்.

"நிக்கலைங்கண்ணா. முடிஞ்சுருச்சு."

எல்லாக் குரலும் வந்து சேர்ந்திருந்தது. மச்சினன் வேலை முடிந்து போனை வாங்கியதும் பார்த்திருக்கிறான். ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டான். டூலை யாருக்கும் கொடுக்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. பழைய மிஷினைச் சொன்னபடி மறுநாள் நிறுத்தினார்கள்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. விழு என்கிற சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பொருளையும் அகராதியில் சேர்த்தார். வேறொருவர் வந்து எடுத்துவிட்டார். அச்சில் வந்த சான்று வேணுமாம். ஒரு ஆட்டோக்காரர் போனில் சொன்னது செல்லாதாம். டீச்சருக்குக் கோபம். எனக்கு இல்லை. எல்லாரும் எழுதுகிற இடம். ஒரு கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் இதையெல்லாம் அச்சில் யாருங்கண்ணா எழுதப் போறாங்க என்று டீச்சர் கேட்டார்.

இதோ, எழுதியாச்சு. தென்காசி, குற்றாலம் பக்கம் விழுது என்றால், நிற்காமல் நன்றாக நடக்கிறது என்று பொருள்.