போலீஸ் தேடிய புத்தகத்துக்கே பரிசு

நேற்று வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. தஞ்சாவூரில் கலகநூல் பரிசு விழா, ஏ.சி. திருமண மண்டபத்தில். கீழே கொட்டை எழுத்தில் 'மதிய விருந்து உண்டு'. கலகம் எத்தனை மணிக்கு என்றுதான் போடவில்லை.

பார்த்ததுமே மூக்கில் பூச்சிமருந்து நெடி ஏறியது. அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஊரொன்றில் நாங்கள் நாலு பேர் இப்படி ஒரு பரிசு நடத்தினோம். உரக்கடை மாடிதான் அலுவலகம். எங்கள் கொள்கையில் பூச்சி விழாமல் காத்தது அந்த நெடிதான் என்று இன்றும் நம்புகிறேன். விதி ஒன்றுதான்: புத்தகம் அதிகாரத்தைச் சுட்டிருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி, போலீஸ் ஒரு முறையாவது விசாரித்திருக்க வேண்டும்.

போலீஸோ எந்தப் புத்தகத்தையும் சீந்தவில்லை. ஒரத்தநாட்டிலிருந்து மாற்றலாகி வந்த மாசிலாமணி, அரசுப் பள்ளி வாத்தியார், ஆற்றைப் பற்றிக் கனல் கக்கும் கவிதைகள் எழுதியவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன்மீதே மொட்டைப் பெட்டிஷன் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். இஸ்திரி போட்ட வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி போனார் மாசிலாமணி, துணைக்கு நான்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை முழுசாகப் படித்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா, கரிய கரங்கள் ஆற்றைத் தின்னுதுங்கிறீங்க. யாரு கை?"

"பொதுவா... சமூகம்..." என்றார் மாசிலாமணி.

"சமூகத்த எப்படி சார் விசாரிக்கிறது? மணல் லாரி யாரோடதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேரப் போட்டு எழுதுங்க. நானே ஜீப்போட வர்றேன். வேல போயிடும், பரிசு கெடைச்சிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்று நாங்கள் மாடியில் உட்கார்ந்து முழங்கினோம். முழங்குகிறவனுக்கு வேலை போகாது. மாசிலாமணியின் மனைவி எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "வேல போச்சுன்னா உங்க பரிசையா உலையில போடுறது?"

அடுத்த பதிப்பு வந்தது. பெயர் இல்லை. கரிய கரங்களும் காணோம், ஆறு ஒரு பெண்ணாகிவிட்டிருந்தது. விசாரணை நடந்தது நடந்ததுதானே என்று அவருக்கே பரிசைக் கொடுத்தோம். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் கைதட்டினார், பக்கத்தில் லாரி முதலாளி. பொன்னாடை அவர் உபயம்.

அந்தப் பரிசு எப்போதோ நின்றுவிட்டது. மாசிலாமணி பென்ஷன் வாங்குகிறார், நன்றாக இருக்கட்டும். போன மாதம் ஆற்றில் இறங்கினேன். கணுக்கால் புதையும் மணல் கிடந்த இடத்தில் வெறும் களியும் கருவேலமும். அழுகையாக வந்தது. அள்ளியவர் பெயர் நாங்கள் பரிசு கொடுத்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதோ, இந்தக் கட்டுரையிலும் இல்லை.