ஜானகிராமன் வீட்டு டெலிபோன்

பஞ்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஜானகிராமன் வாரத்தில் காத்திருந்த நேரம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி. பிரான்சில் குடித்தனம் நடத்தும் மகள் சுமலதா அப்போதுதான் போன் செய்வாள். "சாப்டியாப்பா?" என்று ஆரம்பித்து, "உடம்பப் பாத்துக்கோ" என்று முடிப்பாள். மனைவி போன பிறகு அந்த வீட்டுக்குள் அவர் குரல் எழுவது பெரும்பாலும் அந்தப் பேச்சுக்காகத்தான். மற்ற நாட்களில் குழம்பு கொதிக்கும் சத்தமும், குருசுக்குப்பம் பக்கமிருந்து வரும் அலைச் சத்தமும்தான்.

இரண்டாயிரத்து இரண்டில் லீவுக்கு வந்த சுமலதா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாள்.

"போட்டோ அனுப்பறேன்பா. வெறும் குரலையே எவ்ளோ நாளைக்குக் கேட்டுக்கினு இருப்ப?"

"இருக்கறது ஒரு லைன்தானே?"

"ஆமா, நெட்டும் போனும் ஒண்ணா ஓடாது. போட்டோவப் பாத்துட்டு கட் பண்ணிடு. அவ்ளோதான்."

அவள் போன கொஞ்ச நாளில் மௌஸ் மக்கர் செய்தது. அம்பு பக்கவாட்டில் ஓடியது, கீழே இறங்க மறுத்தது. ஜானகிராமன் அதைத் திருப்பிப் போட்டு, அடிமூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுத்தார். உள்ளே இரண்டு சின்ன உருளைகள். இரண்டிலும் தூசியும், அவர் கொறித்த மிக்சரின் எண்ணெயும் சேர்ந்து கறுப்பு வளையமாக இறுகியிருந்தன. முப்பது வருஷம் உருளைகளில் சுற்றிய பஞ்சை எடுத்த விரல்களுக்கு அது புதிய வேலை இல்லை. தையல் ஊசியால் உருளைக்குக் கீறல் விழாமல் சுரண்டினார். உருண்டையைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே போட்டார். அன்றிலிருந்து இடது கையால் மிக்சர் சாப்பிட்டார்.

லைன் அப்படி எளிதாக வழிக்கு வரவில்லை. கனெக்‌ஷன் கிடைக்கவே பலமுறை டயல் ஓட வேண்டும். கிடைத்த பின்னும் போட்டோ மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் வானம், பிறகு ஏதோ ஓட்டுக் கூரை. மகளின் முகம் வருவதற்குள் லைன் அறுந்துவிடும்; மறுபடியும் வானத்திலிருந்து ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை அவள் "போட்டோ பாத்தியாப்பா?" என்று கேட்பாள். "பாதி வந்துச்சிம்மா" என்பார். முழுதும் பார்த்துவிட்டேன் என்று ஒருமுறையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக ஞாயிறு மதியமே நெட்டில் உட்கார ஆரம்பித்தார்.

அப்படி ஒரு ஞாயிறு லைன் அறுந்தது. அறுந்த கையோடு போன் மணி அடித்தது.

"அப்பாடா, கெடச்சிட்ட!" என்றாள் சுமலதா.

அந்த வார்த்தையை அவர் எடை போடவில்லை. அவர் மனம் வேறொன்றைக் கணக்குப் போட்டது. மில்லில் பஞ்சுத் திரி அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், விளக்கு எரியும். ஒரு மெஷின் எதையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்காது. ஆகவே போன் வந்தால் நெட் தானாக நின்று வழிவிடுகிறது என்று முடிவு செய்தார். அதன் பிறகு நெட் நின்றபோதெல்லாம் போனுக்கு அருகே போய் நின்றார். மணி அடிக்காதபோது, வேறு யாரோ தப்பாகப் போட்டிருப்பார்கள் என்று திரும்பி வந்தார்.

கம்ப்யூட்டர் கடையிலிருந்து விமல்ராஜ் வந்து பார்த்தான்.

"ஒரே லைன்ல ரெண்டு போன் மாட்டியிருக்கீங்களே சார். அந்த ரூம்ல இருக்கறதக் கழட்டிடுங்க. அதுக்கப்புறமும் ஸ்லோன்னா ஒண்ணும் பண்ண முடியாது. ஊரே ஸ்லோதான்."

படுக்கையறைப் போன் மனைவி படுத்திருந்தபோது பேசுவதற்காக வைத்தது. அதைக் கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்தார். பிறகு தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயரை விரல் வைத்துத் தொடர்ந்தார். ஜன்னலுக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி. திறந்தால், கடல் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, வாசலின் தடவி, டேப் சுற்றினார். அன்று சாயங்காலம் நெட் ஒருமுறைகூட அறுபடவில்லை. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் காட்டியிருப்பார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை.

மறுநாள் அவளிடமிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். போன் ரிப்பேரா என்று கேட்டிருந்தாள். ஜானகிராமன் ரிசீவரை எடுத்துக் கேட்டார். டயல் டோன் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'போன் ஓகே' என்று இங்கிலீஷில் பதில் அனுப்பினார். கோளாறு தன் பக்கம் இல்லை. பிறகு ஏன் அவள் பேசவில்லை என்பதை அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். போட்டோ அனுப்புகிறோமே, பேச்சு எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிறு. மூன்று மணி தாண்டிவிட்டது. அவள் புதிதாக அனுப்பிய போட்டோ இறங்கிக்கொண்டிருந்தது. வானம், கூரை, ஜன்னல் வரிசை, மகளின் தலைமுடி. அப்போது கதவு இடிபட்டது.

"அண்ணே! கதவத் தொற! உயிரோட இருக்கறியா, இல்லியா?"

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி. மீன் ஆய்ந்த கையோடு ஓடி வந்திருந்தாள்.

"இன்னா அஞ்சலாட்சி?"

"இன்னாவா? ஒம் பொண்ணு பிரான்சுலேர்ந்து எங்க வூட்டுக்குப் போன் போட்டு அழுவுது. போன ஞாயித்துக்கெழமயும் எங்கேஜாம், இப்பவும் எங்கேஜாம். ரிசீவரத் தட்டி வுட்டுட்டு வுழுந்து கெடக்கறியோன்னு பயந்துக்கிச்சி. நீ இன்னாடான்னா டிவி பாத்துக்கினு குந்தியிருக்க."

"டிவி இல்ல. நெட்டு."

"ஏதோ ஒரு எழவு. அத்த நிறுத்து. மறுபடியும் பண்ணுதாம்."

"போன் வந்தா இது தானா நிக்குமே."

"நின்னுச்சா?"

ஜானகிராமன் திரையைப் பார்த்தார். போட்டோ நிற்காமல் இறங்கிக்கொண்டேயிருந்தது. லைன் கெட்டிருந்த நாட்களில்தான் அவள் குரல் வந்தது. அறுந்த இடைவெளியில் எப்படியோ நுழைந்து வந்திருக்கிறாள். அந்த இடைவெளியைத்தான் அவர் தேய்த்து, முறுக்கி, டேப் சுற்றி அடைத்திருக்கிறார்.

திரையில் நெற்றி முடிந்து புருவம் தொடங்கும் இடம். மௌஸைப் பிடித்தார். துடைத்த மௌஸ் தடையில்லாமல் ஓடியது. கனெக்‌ஷனைத் துண்டித்தார்.

மணி அடித்தது.

"இன்னாப்பா நீ... எனக்கு உயிரே போயிடுச்சி."

அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ரூம் போன், ஜன்னல் மேல் பெட்டி, பச்சை பூத்த கம்பி, வாசலின். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"லைன் இப்ப நல்லா இருக்குதும்மா."

"ஆமாம்பா. பக்கத்துல இருந்து பேசற மாதிரி கேக்குது."

அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"போட்டோ வந்துச்சா?"

"வந்துக்கினு இருந்துச்சி. நெத்தி வரைக்கும் பாத்தேன்."

அவள் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது அஞ்சலாட்சி போயிருந்தாள். கதவின் தாழ்ப்பாளில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

மறு ஞாயிறு சாப்பிட்ட உடனே ஜானகிராமன் மோடம் ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரின் மேல் துண்டைப் போர்த்தினார். நாற்காலியைப் போன் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று அடித்தது. வெளியே காற்று பலமாக இருந்தது. ஜன்னல் மேல் டேப் விட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். டயல் டோன் கேட்டது. சுத்தமான சத்தம். கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் கூப்பிட்டால் எங்கேஜ் என்றுதானே கேட்கும்?

சட்டென்று ரிசீவரை வைத்தார். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.