பட்டாம்பூச்சிக்கு அரை மணி நேரம்

பட்டறையில் அவளை எல்லோரும் கோடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கான சட்டையும் கவுனும் தைக்கும் பட்டறை அது. முதல் மாடியில் பதினெட்டுத் தையல் மெஷின்கள். அவற்றுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்குள், எம்பிராய்டரி போடும் பெரிய மெஷின். அது என்ன பூப் போட வேண்டும், என்ன வாத்துப் போட வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக வரைகிறாள்; கோடக்கா என்ற பெயரும் அந்தக் கோடுகளால் வந்ததுதான். பென்சிலைக் கொண்டையில் செருகி வைத்திருப்பாள். வீட்டுக்குப் போகும்போதும் எடுக்க மறந்துவிடுவாள். ஒரு முறை பல் டாக்டரின் நாற்காலியில் தலையைச் சாய்த்தபோது பென்சில் குத்தித்தான் அது அங்கே இருப்பதே தெரிந்தது.

இந்த வருடம் கோடக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு பட்டாம்பூச்சி.

பட்டாம்பூச்சி வரைய அவளிடம் ஒரு வழி இருந்தது. மெல்லிய பட்டர் பேப்பரை இரண்டாக மடிப்பாள். மடிப்பை ஒட்டி ஒரு பக்கச் சிறகை மட்டும் வரைவாள். பிறகு காகிதத்தைத் திருப்பி, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே இழுப்பாள். பிரித்தால் இரண்டு சிறகும் இம்மி பிசகாமல் ஒன்று போல இருக்கும். அதில் அவளுக்குப் பெருமை. ஆனால் துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை, கொஞ்சம் உயிர் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் நிறத்தை மாற்றி அனுப்பினாள். இரண்டாவது தடவை, செத்தது போல இருக்கிறது என்று வந்தது. பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் அந்தச் சீட்டை மெஷின்களுக்கு நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

பட்டன் ஓட்டை போடும் பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எப்பக்கா எடுக்கிறாங்க?"

மாடி முழுக்கச் சிரித்தது. கோடக்காவும் சிரித்து வைத்தாள். மாஸ்டர் நல்லவர்தான். ஆனால் அவர் சமாதானப்படுத்த வந்தது அதைவிட மோசம்.

"திங்கக்கிழமை கடைசியா ஒண்ணு அனுப்புவோம். சரிவரலைன்னா விடு, பந்து போட்டுக்கலாம். பந்துக்கு உயிர் வேண்டாம் பாரு."

பதினான்கு வருடம் வரைந்தவளைப் பந்து வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று மதியம் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. உயிருள்ள பட்டாம்பூச்சி ஒன்றை அவள் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் சுவரில் மாட்டிய படம், அட்டையில் குத்திய பூச்சி, மற்றபடி பஸ் ஜன்னலுக்கு வெளியே பறந்து மறைந்த ஏதோ ஒன்று.

அந்தச் சனிக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. போகிற வழியில் கண்ணாடிக் கூரை போட்ட பட்டாம்பூச்சி வீடு ஒன்று இருந்தது. அங்கே கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று நாத்தனாரின் கணவரிடம் அவளே வாய்விட்டுக் கேட்டாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். உல்லாசப் பயணம் என்றாலும் அவருக்கு அட்டவணை வேண்டும். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். அதைப் பிய்த்து எடுத்து, அடித்துத் திருத்தி, மறுபடியும் ஒட்டினார்.

"பதினொண்ணு பத்துலேருந்து பதினொண்ணு நாப்பது. உனக்காகத்தாம்மா, ஏரி நேரத்துல வெட்டியிருக்கேன்."

நாத்தனாருக்கு வேறொரு ஆசை. எல்லோரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டும். அதற்காகக் கோடக்கா மூன்று நாள் உட்கார்ந்து, நான்கு பேருக்கும் ஒரே துணியில் மேல்சட்டை தைத்து, ஆரஞ்சு நூலில் பூப் போட்டிருந்தாள். ஆண்களுக்குச் சட்டைப் பையின் மேல் சின்னதாக ஒன்று. பெண்களுக்கு முதுகில், கழுத்துக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கோடக்காவின் கணவன், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பையை ஒரு கையால் மூடிக்கொண்டே வந்தான்.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று பதினெட்டு. முன்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது. உள்ளே நுழைய இன்னும் ஏழு நிமிடம். வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வரைவதற்காக அவள் கொண்டுவந்த நோட்டு பைக்குள் இருந்தது. நோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கணவன் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனான். கையில் நுழைவுச் சீட்டு ஒன்றுதான் மிஞ்சியது. அதன் மேலும் ஒரு பட்டாம்பூச்சி அச்சடித்திருந்தது. இரண்டு சிறகும் விரிந்து, இம்மி பிசகாமல்.

முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவது கதவு திறந்தது. அடுப்படியில் இட்லிப் பானையைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. அவ்வளவுதான், கோடக்காவின் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்தாள். மறுபடியும் வெள்ளை. கழற்றினால் கைக்கெட்டிய தூரத்துக்கு அப்பால் எல்லாம் கரைந்துபோன சாயம். மேலே ஏதோ நீலமாகப் பளிச்சென்று போனது. "அதோ, அதோ" என்றார்கள். அவள் திரும்புவதற்குள் அது பச்சையோடு பச்சையாகக் கலந்துவிட்டது.

ஒரு மேடையில் தட்டு வைத்து, வெட்டிய பழங்களைப் போட்டிருந்தார்கள். அதில் நிறைய உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்று யாரோ சொன்னார்கள். தட்டுப் பக்கத்தில் போய்க் குனிந்தால் மூக்குக்கண்ணாடியே வேண்டாம். அவள் கூட்டத்துக்குள் தோளை நுழைத்து, ஒரு தாத்தாவின் காமிராவுக்கு அடியில் புகுந்து, முன்னுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்பவர் பழைய பழத்தை மாற்றத் தட்டைத் தூக்கிவிட்டார். உட்கார்ந்திருந்ததெல்லாம் எழுந்து பறந்தது. புதுத் தட்டு எப்போது வரும் என்று கேட்டாள். கால் மணி நேரத்தில் என்றார். அவளிடம் இருந்தது பதினொரு நிமிடம்.

அதிலும் நாத்தனார் கூப்பிட்டாள். இந்தச் செடிக்கு முன்னால், அந்தப் பாலத்தின் மேல், இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி. முதுகுப் பூத் தெரிய வேண்டுமாம். கோடக்கா பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். எதிரே ஒரு சிமென்டுத் தூண். தூணைப் பார்ப்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்த அந்த நொடியில் பின்னால் எல்லோரும் ஒரேயடியாக அமைதியானார்கள்.

"அண்ணி, அசையாதீங்க. உங்க பூவுல வந்து உட்கார்ந்திருக்கு."

நாத்தனாரின் பூ, விரித்துவிட்ட முடிக்கு அடியில் மறைந்திருந்தது. பூச்சி இவள் பூவைத் தேடி வந்துவிட்டது. நீலமாம். அப்படியொரு நீலத்தை நாத்தனார் பார்த்ததே இல்லையாம். முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து நின்று அவள் முதுகை ரசித்தார்கள். அவள் தூணைப் பார்த்தபடி, உதடு அசையாமல் கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, எப்படி உட்கார்ந்திருக்கு? சிறகு விரிஞ்சிருக்கா, மூடியிருக்கா?"

அவன் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நல்லாத்தான் உட்கார்ந்திருக்கு."

இருபது வருடம் குடித்தனம் நடத்திய மனிதனை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. போட்டோவாவது எடுங்கள் என்றாள். எடுத்தான். போனின் கண்ணிலும் ஆவி படிந்திருந்தது. தோளுக்கு மேலாக நீட்டிக் காட்டினான். வெள்ளையாக ஒரு மேகம் இருந்தது. அதற்குள் அவள் கழுத்து மாதிரி ஏதோ தெரிந்தது.

"மணி நாப்பது" என்றார் நாத்தனாரின் கணவர்.

தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டவளைப் போல அவள் அடிமேல் அடி வைத்து நடந்தாள். வெளியே போகும் வழியில் சின்ன அறை ஒன்று இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. உங்களோடு யாராவது ஒட்டிக்கொண்டு வருகிறார்களா, பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அங்கே ஒரு பெண் மெல்லிய பிரஷ்ஷோடு நின்றிருந்தாள். அறை குளிர்ச்சியாக இருந்தது. மூக்குக்கண்ணாடி எப்போதோ தெளிந்திருந்தது.

கோடக்கா முன்கண்ணாடியில் பின்கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள் அவள் முதுகு இருந்தது. முதுகில் பூ இருந்தது. பூவின் மேல் நீலம் எதுவும் இல்லை. காய்ந்த இலையைப் போலப் பழுப்பாக ஒன்று, செங்குத்தாக நின்றது. இரண்டு சிறகையும் சேர்த்து மூடி, நீலத்தை உள்ளே மறைத்து, ஒற்றைச் சிறகாக நின்றது. கீழ் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நூல் மாதிரிக் கால்களால் அவள் போட்ட ஆரஞ்சு நூலைப் பற்றிக்கொண்டு, தேன் எங்கே என்று தையலுக்குள் குழலை விட்டுத் தேடிக்கொண்டிருந்தது.

மடித்த காகிதம். அவளுடைய மடித்த காகிதமேதான். பதினான்கு வருடமாக அதைப் பிரித்துப் பிரித்துக் கெடுத்திருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. ஒரே நிமிஷம்" என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று அந்தப் பெண் பிரஷ்ஷைப் பூச்சியிடம் நீட்டினாள். பூச்சி அதில் ஏறிக்கொண்டது. கதவு திறந்து மூடியது. ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வண்டியில் நாத்தனாரின் கணவர் நான்கு நிமிடம் தாமதம் என்று ஏரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். கோடக்கா காதில் வாங்கவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நுழைவுச் சீட்டின் பின்பக்கம் வரைந்தாள். வண்டி குலுங்கியது, கோடு கோணியது. அழிக்க ரப்பர் இல்லை. கணவன் எட்டிப் பார்த்து, பாதிதானே இருக்கிறது, மீதி எங்கே என்றான். ஏரியில் எடுத்த எல்லாப் போட்டோவிலும் அவள் முகம் உர்ரென்று இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் கொடுத்த மடித்த காகிதத்தை மாஸ்டர் வழக்கம் போலப் பிரித்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பிரிக்காதீங்க மாஸ்டர். அது மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

"ஓரத்துல கிழிஞ்ச மாதிரி போட்டிருக்கியே?"

"கிழிஞ்சுதான் இருந்துச்சு."

தலையைச் சொறிந்துகொண்டே அனுப்பி வைத்தார். வியாழக்கிழமை பதில் வந்தது. சரி என்று ஒரே சொல். மாஸ்டர் அதையும் நடுவில் நின்றுதான் படித்தார். பட்டன் ஓட்டை போடும் பெண் இந்தத் தடவை தலையைத் தூக்கினாள்.

"பொழச்சுக்கிச்சாக்கா?"

கோடக்கா சிரித்தாள். ஆனால் சாயங்காலம் நாத்தனார் போனில் அந்த நீலத்தைப் பற்றி நான்காவது முறையாகப் பேச ஆரம்பித்தபோது அவளுக்கு மறுபடியும் எரிச்சல் மூண்டது. அவள் முதுகில் உட்கார்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அந்த நீலத்தை அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை. சிறகு திறக்கும்போது எந்தப் பக்கம் முதலில் அசையும், நீலம் ஒரேயடியாக வருமா, கொஞ்சம் கொஞ்சமாக வருமா? கேட்டால் நாத்தனார், அழகாக இருந்தது அண்ணி என்கிறாள்.

நாத்தனாரின் கணவர் போனை வாங்கினார்.

"பார்த்தியாம்மா, அரை மணி நேரம் போதும்னு சொன்னேன்ல?"

அவள் கொண்டையில் கையை விட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"அண்ணா, அங்க போறதுக்குக் காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறு இருபது. எதுக்கு?"

"திரும்பி வர்றதுக்குக் கடைசி பஸ்?"