வெள்ளைத்துரை மாற்றாத நான்கு சீல்கள்

அச்சங்குளம் விலக்கில் டீசல் வண்டிகளின் பம்ப் ரிப்பேர் பார்க்கும் வெள்ளைத்துரையை ஊர் முன்பாதியால் மட்டுமே கூப்பிடும். “ஏலே வெள்ளை!” கரியும் டீசலும் அப்பிக்கொண்டு நிற்கிற ஆளை அப்படி அழைப்பதில் ஊருக்கு ஒரு திருப்தி. பின்பாதியை எடுத்துக்கொண்டவர் ஒருவர்தான், பள்ளிக்கூடத்து ஞானபூரணி டீச்சர். “துரை, வண்டி மறுபடியும் நின்னுருச்சு.”

அந்த ஒரு ‘துரை’யை நம்பித்தான் மனுஷன் நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

டீச்சரின் அப்பா விட்டுப்போன பழைய டீசல் கார் அது. காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும், சாயங்காலம் எழுந்திருக்காது. பம்பின் தலையில் நான்கு வால்வுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மோதிரம்போல ஒரு ரப்பர் சீல். அவை இறுகிப்போனதால் டீசல் கசிந்து, அந்த வழியே காற்று ஏறிவிடும். நான்கையும் மாற்ற ஒரு மத்தியானம் போதும்.

வெள்ளைத்துரை ஏழு வருஷம் எடுத்துக்கொண்டான்.

“இந்த மாடலுக்கு சீல் வர்றதில்ல டீச்சர். இப்போதைக்கு ஏர் எடுத்து விடுதேன்.”

சீல் வந்து, பவுடர் தூவி, அவன் மேஜை டிராயருக்குள் பத்திரமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் பட்டாசுக் கம்பெனி. வாட்ச்மேன் சோலைச்சாமி அங்கே யாரையும் காரைக் கிளப்ப விடமாட்டார். “இங்கன செல்ஃப் அடிச்சேன்னா நீயும் நானும் ஜோடியா மேல போவோம். தள்ளிக்கிட்டுப் போலே!”

கம்பெனிச் சுவரைத் தாண்ட முந்நூறு அடி. டீச்சர் ஜன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நடப்பார். இவன் பின்னால் தள்ளுவான். அவர்கள் பேசியதெல்லாம் அந்த முந்நூறு அடியில்தான். ஹெட்மாஸ்டரின் கஞ்சத்தனம், கருவாட்டுக் குழம்பு, வராத மழை.

“ஏலே வெள்ளை, காரைத் தள்ளுதியா, தேர் இழுக்கியா?” என்பார் சோலைச்சாமி.

வெடிக்கிற சரக்கை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் நம் மாவட்டத்தில் கேஸ் உண்டு. இவன் ஏழு வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை எந்த அதிகாரியும் வந்து சோதிக்கவில்லை.

போன மே மாதம் டீச்சர் தன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். சிவகாசியில் அடித்தது, தங்க எழுத்து. உறையின்மேல் அவர் கைப்பட எழுதியிருந்தார்: ‘வெள்ளைத்துரை அண்ணன் குடும்பத்தினர்’. ஒருவழியாக முழுப்பெயரும் கிடைத்தது. கூடவே ஓர் அண்ணனும், இல்லாத ஒரு குடும்பமும்.

“எந்த ஊரு டீச்சர்?”

“தூத்துக்குடி. காரையும் கொண்டுட்டுப் போறேன், அப்பா ஞாபகமா. நடுவழியில நின்னா தள்ளுறதுக்கு அங்கன நீங்க இருக்க மாட்டீகளே. அந்த சீலை எங்கனயாச்சும் தேடிப் பாருங்கண்ணே.”

“வந்துருச்சு டீச்சர்,” என்றான். “நேத்துதான் வந்துச்சு.”

மறுநாள் நான்கு வால்வுகளையும் கழற்றி டீசலில் கழுவினான். மூன்று சீல்கள் ஏறின. நான்காவதில் மயிரிழை போல ஒரு கீறல். அதைப் போட்டால் ஒரு மாதத்தில் மறுபடி காற்று ஏறும், கார் நிற்கும், போன் வரும். வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். தெரியாத ஊரில், ஜன்னலுக்குள் கையை விட்டபடி டீச்சர் ஒற்றையாளாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் கண்ணில் வந்தது. வீசி எறிந்துவிட்டு, பஸ் ஏறிச் சாத்தூர் போய் வேறொன்று வாங்கிவந்து மாட்டினான்.

கல்யாணத்துக்கும் போனான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “காலையில கிளப்பின உடனே ஏறி மிதிக்காதீக சார். ரெண்டு நிமிசம் ஓடட்டும்,” என்றான். எண்ணெய்க் கறை பட்டுவிடுமோ என்று மாப்பிள்ளை மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் டீச்சரிடமிருந்து போன்.

“தூத்துக்குடி வரைக்கும் எங்கனயும் நிக்கவே இல்ல, தெரியுமா?”

“இனி நிக்காது டீச்சர்,” என்றான் வெள்ளைத்துரை.