தூங்குமூஞ்சி மாமாவும் முந்நூற்று ஏழாவது இடமும்

போன மாதம் முதல் சனிக்கிழமை கடலூர் வழியாகச் சிதம்பரம் போய் வந்தேன். கோயில் பார்க்க, கொத்சு சாப்பிட என்று காரணம் சொல்ல ஆசைதான். உண்மையில் போனது மாமாவிடம் ஒரு கடிதத்தைக் கொடுக்க. அம்மாவின் தம்பி அவர். பித்தப்பையில் கல். எட்டு மாதமாக வலியில் துடிக்கிறார். ஆபரேஷன் என்று யாராவது வாயெடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார். இனியும் தள்ளினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அத்தை போனில் அழுதார்.

அந்தக் கடிதம் என் கதையிலிருந்து வந்தது. சென்ற வருடம் சென்னையில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. தொண்டையில் குழாய் விடுவதற்காக உடம்பைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்கள். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டது.

பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த மருந்தை உடைப்பதற்கென்று நம் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. ஐந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களைப் பூச்சரம் போலக் கோத்தது. அதில் முந்நூற்று ஏழாவது இடத்தில் லூசின் இருக்க வேண்டும். எனக்குப் புரோலின் இருக்கிறது. ஒரு பூ மாறியதில் சரமே வேலைக்கு ஆகவில்லை! அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, மரபணுவின் இரண்டு பிரதியிலும் அதே கோளாறு. அத்தை மகன், மாமன் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. “அம்மா வழியில யாராவது ஆபரேஷன் முடிஞ்சு ரொம்ப நேரம் எழுந்திருக்காம இருந்தாங்களா?” என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருந்தாரே, எங்கள் தூங்குமூஞ்சி மாமா! நான் பத்தாவது படித்த வருடம் கடலூரில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலையில் படுத்தவர் சாயங்காலம்தான் அசைந்தார். பெயர் வைத்ததே நான்தான். எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், “மாமா, பாய் எடுத்துப் போடட்டுமா?” என்று ஓட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்கு அரசுப் பேருந்து. 9.50க்குக் கடலூர். நேராகச் சிதம்பரம் போகாமல் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், 200 ரூபாய்.

“மொட்டையா சார், கல்யாணமா?” என்றார் டிரைவர்.

“ரெண்டும் இல்லீங்க.”

“அப்ப சீக்கிரம் வந்துடுவீங்க, நிக்கிறேன்.”

எனக்கு அங்கே வேறு வேலை. பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் அம்மா அங்கேதான் மொட்டை போட்டுக்கொண்டார். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. தலை நிறையச் சந்தனத்தோடு ஹயக்ரீவர் மலையின் எழுபத்து நான்கு படியும் ஏறி, பார்த்தவரிடமெல்லாம், “எம்புள்ள கணக்குல பாஸாயிட்டான்” என்றார். நான் வாங்கியது 38. வெட்கத்தில் பத்துப் படி தள்ளியே நடந்தேன். அம்மா போன பிறகு அந்த நாள்தான் எனக்குப் பெரிய சொத்து. எனக்காக ஒருத்தி அத்தனை முடியையும் கொடுத்தாளே என்று கெடிலம் ஆற்றங்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகே எழுந்தேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். சிறுவயதில் அம்மா அங்கே எழுப்பிவிடுவார்.

மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். “கம்பத்துல ஏற பயமில்ல, ஊசிக்கு பயம்” என்று அத்தை சோறு போடும்போதே ஆரம்பித்தார். கத்திரிக்காய் கொத்சுவை ஒரு கை பார்த்துவிட்டு, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த ஊசி வேண்டாம் என்று சென்னை டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்தேன்.

“அந்த ஊசி போட்டா என்னா ஆவுமாம்?” என்றார் மாமா.

“நமக்கு ரொம்ப நேரம் கை கால் அசையாது, மூச்சு விட முடியாது. ஆனா மயக்கம் தெளிஞ்சுட்டா நெனவு வந்துடுமாம் மாமா. காது கேக்குமாம்.”

மாமா கடிதத்தை வாங்கி, படிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நான் தூங்கலடா. அன்னிக்கே சொன்னேன், கனா கண்டிருப்பேன்னாங்க. கண்ணு தொறக்க முடியல, வெரல் அசையல. எல்லாம் கேட்டுச்சு. இவரு அவ்ளோதான் போலன்னு ஒருத்தரு சொன்னது கூட கேட்டுச்சு. அப்பறம் அக்கா காதுகிட்ட வந்து, ‘எழுந்திருடா தம்பி, திருவந்திபுரத்துல மொட்ட போட்டுக்கறேன்’னு அழுவுது.”

“அது எனக்காகத்தானே மாமா?”

“போடா. முப்பத்தெட்டு மார்க்குக்கு எவ மொட்ட போடுவா? தம்பிக்காக முடி எடுக்கறேன்னா உங்கப்பா வீட்டுல உட்டிருப்பாங்களா? அதான் உம் பேர சொல்லிச்சு. அக்காவ கேட்டேன், என் வாயப் பொத்திடுச்சு. நானும் யாருகிட்டயும் சொல்லல.”

அத்தை கரண்டியோடு நின்றுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சொத்து போன அழுகை இல்லை. அத்தனை வருடம் பாய் போடட்டுமா என்று கேட்டது நான் அல்லவா! “மன்னிச்சுடுங்க மாமா” என்றேன். மாமா கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“இந்தக் காயிதத்த காட்டினா டாக்டரு நம்புவாரா?” என்று மட்டும் கேட்டார்.

“நம்புவாரு. வேற மருந்து இருக்கு மாமா.”

“அப்ப சரி. நீயும் வா. முழிக்கிற வரைக்கும் பக்கத்துல நல்லதா நாலு வார்த்த பேசிட்டு இரு.”

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் வேண்டாம், கூட்டம் ஜாஸ்தி. கொத்சுவுக்குக் காலையிலேயே சிதம்பரம் போய்விடுங்கள். உங்கள் வீட்டிலும் மயக்க ஊசிக்குப் பிறகு யாராவது வெகுநேரம் எழாமல் கிடந்ததாகக் கதை இருந்தால், சிரித்துவிட்டுப் போகாமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். என் தங்கையும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் போய் வந்த பன்னிரண்டாம் நாள் மாமாவுக்கு ஆபரேஷன். முடிந்து வெளியே கொண்டுவந்ததும் சொன்னபடி காதருகே உட்கார்ந்தேன். நல்லதாக நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. மன்னிச்சுடுங்க மாமா என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தார்.

“கேட்டுச்சுடா” என்றார்.